வேலை கேட்பதும் சட்டம் கேட்பதும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாலந்தாவைத் தாண்டியதும் நாவுல வருகிறது. விவசாயப் பிரதேசம். இங்கே விளையும் மரக்கறியும் வெங்காயமும் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகின்றன. இங்கே வளரும் பிள்ளைகள் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். பக்கத்தில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது. அணை கட்டிய காலத்தில் அங்கே கூலி வேலை இருந்தது. கட்டி முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. தண்ணீர் வடமத்திய மாகாணத்துக்குப் போகிறது.

உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கோவையும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கொடுத்த நற்சான்று, கணினிப் பயிற்சிச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி எடுத்து, உறுதிப்படுத்தக் கையெழுத்து வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள். தேர்தல் நெருங்கும்போது அந்தக் கோவை வெளியே வரும். அப்பாவோ மாமாவோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு எம்.பி. வீட்டுக்கோ கட்சி அமைப்பாளர் வீட்டுக்கோ போவார். “சேர், மகனுக்கு ஏதாச்சும் பார்த்துப் போடுங்க.” சிங்களக் குடும்பமென்றால் ‘மந்திரிதுமா’ என்று விளித்து அதையேதான் கேட்பார்கள். இந்த விஷயத்தில் இரு மொழிக்காரருக்கும் வேறுபாடில்லை.

இப்படிக் கேட்பதைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. வேறு கதவு திறந்திருந்தால் அந்தத் தகப்பன் அங்கே போயிருக்கமாட்டார். ஆனால் கேட்கிற முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் இதே வறுமைக்குள்ளிருந்து வேறொரு முறையில் கேட்டவர்கள் இருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நாவுலைக்குப் பயன்படும்.

இலங்கையில் 1977 தேர்தலுக்குப் பிறகு வந்த அரசாங்கம் ‘வேலை வங்கி’ என்று ஒன்றைத் தொடங்கியது. பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் 1,000 விண்ணப்பப் படிவங்கள் கொடுக்கப்பட்டன. தொகுதியில் யாருக்கு அந்தப் படிவம் போகவேண்டும் என்பதை உறுப்பினரே தீர்மானித்தார். படிவம் கிடைக்காதவன் எவ்வளவு படித்திருந்தாலும் வரிசைக்கே வர முடியாது. சட்டம் செய்ய அனுப்பிய ஒருவரை ஆள்சேர்ப்பு அலுவலராக மாற்றியது அந்தத் திட்டம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1971இல், வேலையில்லாத படித்த இளைஞர்களின் கிளர்ச்சியை நாடு பார்த்திருந்தது. அதே ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பின் சார்பில் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த குழு, பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையிலான பிளவுதான் நோய் என்று அறிக்கை எழுதியது. அந்தப் பிளவை மூடும் வேலையைச் செய்யாமல், இருக்கிற கொஞ்ச வேலையை யார் கையால் கொடுப்பது என்பதில் அரசியல் நின்றுவிட்டது.

1987 முதல் 1989 வரை நடந்த இரண்டாவது கிளர்ச்சியிலும் அதை அடக்கிய முறையிலும் மாத்தளை மாவட்டம் பட்ட பாடு சொல்லி மாளாது. அதன் பின் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை கொடுத்தது. அரச நியமனங்களில் அரசியல் புகுந்ததும், அதனால் இளைஞர் மனதில் ஊறிய அநீதி உணர்வும் கிளர்ச்சிக்கு முக்கியக் காரணம் என்று அது வெளிப்படையாகவே எழுதியது. அரசின் சொந்த ஆணைக்குழு சொன்னது அது. ஆனாலும் 2020இல், பாராளுமன்றத் தேர்தல் வருகிற ஆண்டிலேயே, வறிய குடும்பங்களுக்கு ஒரு லட்சம் அரச வேலை என்று பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கஜானா காலியானது. அதோடு அரச துறையில் புதிதாக ஆள் எடுப்பதும் சுருங்கியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1989 முதல் நாம் மாவட்ட விகிதாசார முறையில் வாக்களிக்கிறோம். மாத்தளை மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள், பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். ஐந்து பேரில் நாவுலைக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் ஐவரும், அல்லது ஒருவருமில்லை. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்களே தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள். ஒரே கட்சி, ஒரே விஞ்ஞாபனம், ஒரே கொள்கை என்றிருக்கும்போது ஒரு வேட்பாளர் மற்றவரிடமிருந்து எப்படி வேறுபட்டுத் தெரிவார்? தனிப்பட்ட உதவியால்தான். வேலைக் கடிதம் நம் தேர்தல் முறைக்குள்ளேயே பிறக்கிறது.

தமிழ்நாட்டில் தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர். யாரைப் பிடிப்பது என்ற குழப்பம் அங்கே இல்லை. அதனால் அங்கே சிபாரிசு இல்லை என்று எவரும் நினைக்கவேண்டாம். எம்.எல்.ஏ. வீட்டு வாசலிலும் சத்துணவு, அங்கன்வாடி வேலைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் ஊறியிருக்கிறது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாரும் போய் மனுக் கொடுக்கலாம். மனுவுக்கு எண் போட்டுச் சீட்டுத் தருவார்கள். மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் போடலாம். சட்டப்பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கே வந்து மனு வாங்குகிறது. இவை எல்லாம் நன்றாக நடக்கின்றன என்று சொல்லவில்லை. கொடுத்த மனுவுக்கு ஒரு எண்ணும் தேதியும் உண்டு என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தத் தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மகாராஷ்டிரத்திலிருந்து தொடங்கவேண்டும். 1970களின் தொடக்கத்தில் அங்கே கொடிய வறட்சி. மாநில மேலவைத் தலைவராக இருந்த வி.எஸ். பாகே, கேட்கிற கிராமத்தானுக்கு வேலை கொடுப்பது அரசின் கடமையாக வேண்டும் என்று வற்புறுத்தி வந்தவர். வறட்சிக் காலத் திட்டமாகத் தொடங்கியது 1977இல் சட்டமாகவே நிறைவேறியது. பணத்துக்கு வழியும் பார்த்தார்கள். நகரத்தில் சம்பளம் வாங்குவோர் மீதும் தொழில் செய்வோர் மீதும் தொழில்வரி போட்டார்கள். மும்பை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கட்டும் வரியில் கிராமத்தில் குளம் வெட்டும் கூலி. இப்படியொரு துணிவை நம் பாராளுமன்றம் காட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு ராஜஸ்தான். அங்கே அருணா ராயும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டனும் 1994 முதல் பொது விசாரணைகள் நடத்தினார்கள். வறட்சி நிவாரண வேலைக்கு வந்த கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசிப்பார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத சுவருக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளிவரும். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் வேலை உறுதி ஒரு வாக்குறுதியானது. வாக்குறுதி கொடுத்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கொண்டுவந்த மசோதா மெலிந்துபோயிருந்தது. அப்போது, 2005 மே, ஜூன் மாதங்களில் ஒரு பேருந்து டெல்லியிலிருந்து பல மாநிலங்களுக்குப் போனது. பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் அதில் இருந்தார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். அங்கே வைக்கப்பட்ட கோரிக்கை எவருடைய மகனுக்கும் தனியாக வேலை கேட்கவில்லை. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் சட்டப்படி வேலை வேண்டும் என்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 பிப்ரவரி 2 முதல் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதலில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. 2008இல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதை ‘நூறு நாள் வேலை’ என்பார்கள். அதன் உயிர் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. வேலை கேட்டு ஊராட்சியில் விண்ணப்பித்தால் தேதி போட்ட ரசீது தரவேண்டும். அந்தத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் மாநில அரசு வேலையில்லாப் படி கொடுக்கவேண்டும். ஆகவே அந்த ரசீதைக் கொடுக்காமல் இழுத்தடிக்கவே பல இடங்களில் பார்த்தார்கள். வாய்மொழியாக ‘அடுத்த வாரம் வா’ என்றார்கள். ரசீதை எழுதி வாங்குவதற்கே சங்கங்கள் போராடவேண்டியிருந்தது. எம்.பி.யின் கடிதம் கொடுப்பவரின் கருணையைக் காட்டும். இந்த ரசீதோ கொடுப்பவரின் கடனைக் குறித்து வைக்கும்.

குறைகள் பல. கூலி மாதக்கணக்கில் தேங்கியது. வீட்டுக்கு ஆண்டில் 100 நாள் என்ற பேச்சிருந்தும், பெரும்பாலான வீடுகளுக்கு அதில் பாதி அளவே கிடைத்தது. வேலையை அளந்து கூலியைக் குறைத்தார்கள். ஆதார் இணைப்பில் சிக்கிப் பெயர் இழந்தவர்கள் உண்டு. இருந்தும் தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்களுடையவை. தன் பெயரில் வங்கிக் கணக்கு, ஆணுக்குச் சமமான கூலி, சொந்த ஊரிலேயே வேலை. வயல்கூலியை உயர்த்திக் கேட்கும் தைரியத்தை அது பலருக்குத் தந்தது. 2025 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்தது. நாள் 125 ஆனது. செலவில் 40 வீதம் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் விழுந்தது. விவசாயப் பருவத்தில் வேலையை நிறுத்திவைக்கவும் இடம் வைத்தார்கள். போராடி வாங்கிய சட்டத்தையும் காவல் காக்கவேண்டியிருக்கிறது என்பதை அங்குள்ளவர்கள் இப்போது அனுபவிக்கிறார்கள்.

மாத்தளைத் தமிழருக்கு இந்த ஒப்பீட்டில் தனியாக ஒரு பக்கம் உண்டு. தோட்டத் தொழிலாளருக்கு 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்கும் போயின. வாக்கில்லாதவன் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரிடம் போய் நிற்பான்? அதனால் தொழிற்சங்கத்திடம் நின்றான். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் 1978இல் அமைச்சரானபோது சங்கத் தலைவரும் அமைச்சரும் ஒருவரே ஆனார்கள். கேட்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் கடல் தாண்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில், கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம், தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டமே உருவாக்கி வேலை கொடுத்தது. 1968இல் தொடங்கிய திட்டம் பிறகு டான்டீ என்ற அரசுக் கழகமானது. வேலைக்கு ஆள் தேடாமல், வந்த ஆளுக்காக வேலையை உண்டாக்கிய அபூர்வமான செயல் அது. இலங்கையிலேயே தங்கியவர்களில் பலருக்கு முழுக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

அப்படியானால் இந்தியச் சட்டத்தை அப்படியே நாவுலைக்குக் கொண்டுவரலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். 1945 முதல் இலவசக் கல்வி உள்ள நாடு இது. உயர்தரம் படித்த பிள்ளையை மண்வெட்டி வேலைக்கு அழைப்பது அவனுக்கு விடையாகாது. இங்கே வேலையில்லாமை படித்தவரையும் பெண்களையுமே கூடுதலாகத் தாக்குகிறது. ஆனால் படித்த பிள்ளைக்குப் பக்கத்தில், பருவம் தவறினால் வெறுங்கையோடு இருக்கும் அவனுடைய அம்மாவும் இருக்கிறாள். தூர்ந்த சிறு குளங்கள் இருக்கின்றன, பழுதான யானைவேலி இருக்கிறது. வறண்ட பருவத்தில் வீட்டுக்கு இத்தனை நாள் வேலை என்று ஒரு சட்டம் அவளுக்குப் பொருந்தும். பிள்ளைக்கு வேண்டியது வேறு: பிரதேசத்தில் எத்தனை வெற்றிடம் என்ற பகிரங்கப் பட்டியல், குறித்த நாளில் போட்டிப் பரீட்சை, மரக்கறியைப் பதனிடும் தொழிலோ வேறெதுவோ தம்புள்ளைச் சந்தைக்குப் பக்கத்திலேயே வரச் செய்யும் வரிச்சலுகை. இவை ஒன்றும் கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுக்கக் கூடியவை அல்ல. சட்டமாகவோ வரவுசெலவுத் திட்டத்திலோ வரவேண்டியவை.

இதைக் கேட்க வழி இங்கேயும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்திலும் மாகாணத் திணைக்களங்களிலும் உள்ள வெற்றிடங்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். அந்தப் பதிலை வைத்து ஊரே சேர்ந்து தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மனு எழுதலாம். பாராளுமன்றத்தில் பொதுமனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. பொதுமகன் நேரே போய் மனுவைச் சபையில் வைக்க முடியாது, ஓர் உறுப்பினர் வழியாகவே போகவேண்டும். ஆகவே ஐந்து உறுப்பினர்களுக்கும் அதே மனுவின் பிரதியைக் கொடுக்கவேண்டும், கொடுத்ததற்குத் தேதியிட்ட கையெழுத்தும் வாங்கவேண்டும். தோட்டத்துக்காரரும் வயல்காரரும் கடைக்காரரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். மகனுடைய கோவையை அன்று வீட்டில் விட்டுவிட்டு வரட்டும். மனுவைச் சபையில் சமர்ப்பித்தவர் யார் என்பது ஹன்சார்டில் பதிவாகும். சமர்ப்பிக்காதவர் யார் என்பதும் அதே பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.