கருவறைக்குள் ஒரு கட்டளை

பாரூரில் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கும் என் பெரியப்பா பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், ஹவில்தாராக வெளியே வந்தவர். பள்ளிக்கூட நாட்களில் கறுப்புச் சட்டைக்காரர்களோடு சுற்றியவர். ஆள் சேர்ப்பின்போது 'மதம்?' என்று கேட்டதற்கு 'இல்லை' என்றாராம். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'இந்து' என்று போட்டுக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மந்திர் பரேடு. "போகலேன்னா?" என்று கேட்டேன். "பரேடுன்னு பேரு வச்சப்புறம் போகலேன்னா என்னடா? ஆப்சென்ட்டுதான். சாமி கோச்சுக்குதோ இல்லியோ, சுபேதார் கோச்சுக்குவாரு." கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி, வெளியே பூட்ஸுகளுக்குக் காவல் நிற்பது. வாராவாரம் தானாகவே முன்வந்து அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாராம். நல்ல பையன் என்று பெயர் வேறு.

லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் வழக்கின் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த பூட்ஸ் காவல்தான் நினைவுக்கு வந்தது. கமலேசன் நாத்திகர் இல்லை, புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். 2017 மார்ச்சில் மூன்றாவது கேவல்ரி ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்து சீக்கியர்கள் கொண்ட ஸ்குவாட்ரனில் பணியாற்றியவர். ரெஜிமெண்டில் கோயிலும் குருத்வாராவும் உண்டு, தேவாலயம் கிடையாது. வாராந்திர வழிபாட்டுக்குத் தன் ஆட்களோடு போனதாகவும், செருப்பைக் கழற்றி வளாகத்தில் நின்றதாகவும், பூசை நடக்கும் கருவறைக்குள் நுழைவதிலிருந்து மட்டுமே விலக்குக் கேட்டதாகவும் அவர் வாதம். 2021 மார்ச் 3 அன்று ஓய்வூதியம், பணிக்கொடை எதுவுமில்லாமல் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 2025 மே 30இல் டில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நவம்பர் 25இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிற்று. நல்ல அதிகாரியாகவே இருக்கலாம், ஆனால் ராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்று தலைமை நீதிபதி சூர்யகாந்த் தலைமையிலான அமர்வு கருதியது.

இது மதச் சுதந்திரம் எதிர் கட்டுப்பாடு என்கிற இருமையாகவே நம் பத்திரிகைகளில் பேசப்பட்டது. கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தேசபக்தர்கள் ஒரு பக்கம். நாத்திகர்கள் வாய் திறக்கவில்லை. 'ரெண்டு மதக்காரனுக்குள்ள தகராறு, நமக்கென்ன' என்று ஓசூரில் ஒரு தோழர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தத் தீர்ப்பால் நேரடியாக அடிபடப் போகிறவன் நம்பிக்கையற்றவன் என்பதே என் வாசிப்பு.

தீர்ப்பை ஒரு பிரதியாக எடுத்து, 'பூசை' என்ற ஒற்றைச் சொல் அதில் எங்கெங்கே என்னென்னவாக நிற்கிறது என்று பார்ப்போம். கட்டளையை நியாயப்படுத்தும் இடத்தில் அது மதமே இல்லை. போர் முழக்கங்கள் காதுக்கு மதமாகத் தோன்றலாம், அவற்றின் வேலை வீரர்களுக்கு ஊக்கமும் ஒற்றுமையும் தருவது என்கிறது உயர்நீதிமன்றம். அதிகாரி கருவறைக்குள் போவதும் அதே கணக்கில் சேர்கிறது. ஆனால் ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்காமல் ஏன் நேரடியாக நீக்கினீர்கள் என்ற கேள்வி வரும்போது, மத உணர்வு சம்பந்தப்பட்ட நுட்பமான விவகாரம், விசாரணை உசிதமில்லை என்ற தலைமையின் முடிவு ஏற்கப்படுகிறது. ஊக்கமாயிருந்த பூசை இங்கே மதமாகிவிட்டது. பிறகு உச்சநீதிமன்றத்தில், பிற மதக் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்பது கிறிஸ்தவத்தின் இன்றியமையாத கூறா, ஒரு பாதிரியாரே பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறாரே என்ற கேள்வி. ஆக, எது மதம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு திருப்பத்திலும் அதிகாரத்தின் கையிலேயே இருக்கிறது. கட்டளையிடுபவனின் சடங்கு மதத்துக்கு வெளியே போய்விடுகிறது. மறுப்பவனின் மனசாட்சி மட்டும் புத்தகத்தில் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது.

'இன்றியமையாத கூறு' என்ற அளவுகோல் நம்மூர்ச் சரக்குதான். சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த 1954ஆம் வருஷத்து ஷிரூர் மடம் வழக்கில் முளைத்தது. அரசு மடத்துக்குள் கை வைப்பதற்கு எல்லை போட வந்த கருத்து, நாளாவட்டத்தில் தனிமனிதனின் மறுப்பை அளக்கிற முழக்கோலாகிவிட்டது. கிறிஸ்தவனிடம் பைபிளைக் கேட்கலாம், முஸ்லிமிடம் குர்ஆனைக் கேட்கலாம். விமானப் படையில் தாடி வைக்க அனுமதி கேட்ட வீரரின் மனு 2016இல் ஏறக்குறைய அப்படித்தான் தள்ளப்பட்டது. என் பெரியப்பாவிடம் எதைக் கேட்பார்கள்? அவருக்குப் புத்தகமும் இல்லை, சிபாரிசு செய்யப் பாதிரியாரும் இல்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் மதம் என்ற சொல் வருவதற்கு முன்பே மனச்சான்றுச் சுதந்திரம் வந்துவிடுகிறது. அந்த முதல் பாதியை வாசிக்காமல் தாண்டிப் போவதே நீதிமன்றங்களின் பழக்கமாகிவிட்டது. விதிவிலக்கு, தேசிய கீதம் பாட மறுத்த கேரளப் பிள்ளைகள் மூவரின் வழக்கு (1986). நம்பிக்கை நம் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்பது கேள்வியில்லை, அது மனப்பூர்வமானதா என்பதே கேள்வி என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். ராணுவத்துக்கு அது பொருந்தாது, 33ஆம் பிரிவு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. படைவீரர் உரிமைகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குறைக்கலாம். ஆனால் 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறைப்பவை சங்கம், கூட்டம், பத்திரிகைத் தொடர்பு இவற்றை. மனசாட்சி அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் முழுவதுமே 33இன் நிழலில் வருகிறது என்று நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லிவருவதால் இந்த வாதம் எடுபடாமல் போகிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், சேரும் நாளில் கடவுள் பெயரில் சத்தியம் செய்ய மறுத்து வெறும் உறுதிமொழி எடுத்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. நம் ஊர் அமைச்சர்களின் 'உளமார' மாதிரி. வாசலில் உள்ள இந்த உரிமை உள்ளே போனதும் எங்கே போகிறது?

அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் பாஸ்கலை இழுத்து வருவார். மண்டியிடு, உதட்டை அசை, நம்பிக்கை தானே வரும் என்கிற மாதிரி. கருத்தியல் மூளைக்குள் இல்லை, முழங்காலில் இருக்கிறது என்று இதை நாம் தொண்ணூறுகளிலிருந்து திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டி அலுத்துவிட்டோம். ஆனாலும் மந்திர் பரேடுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே யாரும் பெரியப்பாவிடம் 'நீ நம்புகிறாயா' என்று கேட்கவில்லை. உடம்பு வரிசையில் நின்றால் போதும். விசுவாசியான கமலேசன் இதைப் புரிந்துகொண்ட அளவுக்கு நம் பகுத்தறிவாளர்கள் புரிந்துகொள்ளவில்லை. 'உள்ளே போய்ட்டு வந்தா என்ன, நம்பாட்டி சரி' என்பது எளிது. உடம்பைக் கொடுத்துவிட்டு மனசை வைத்துக்கொள்ளலாம் என்பது பழைய ஆன்மவாதம்தான், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

இந்த ஏற்பாடு புராதனமானதும் இல்லை. எங்கள் ஊருக்கு வடகிழக்கே இருக்கிற வேலூரில் 1806 ஜூலை 10இல் என்ன நடந்தது? நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று சென்னைப் படையின் தளபதி கிரடாக் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 1857க்குப் பிறகு அந்தப் பாடம் முழுதாக ஏறியது. சிப்பாயின் மதத்தைத் தொடாதே என்பதிலிருந்து, அந்த மதத்தையே கட்டுப்பாட்டுக்குக் கச்சாப் பொருளாக்கு என்பதற்கு வெள்ளைக்காரன் நகர்ந்தான். சாதிவாரி, மதவாரி ரெஜிமெண்டுகள் வளர்ந்தன. சீக்கியப் படைப்பிரிவுகளில் சேர்ந்தவன் கால்சா தீட்சை பெற்று முடி வளர்த்தாக வேண்டும் என்று வலியுறுத்தியது பிரிட்டிஷ் ராணுவம்தான். ஆக ராணுவம் விசுவாசிகளைச் சேர்த்தது மட்டுமில்லை, உற்பத்தியும் செய்தது. இன்று 'ரெஜிமெண்ட் மரபு' என்று புனிதப்படுத்தப்படுவதில் பாதி இந்தக் காலனியத் தொழில்நுட்பம். மதராஸ் ரெஜிமெண்டின் முழக்கமான 'வீர மதராசி, அடி கொல்லு'வில் எந்தச் சாமியும் இல்லை என்று நாம் பெருமைப்படலாம். அதன் இலச்சினை வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது.

மாற்று மரபு என்று ஐ.என்.ஏ.வைச் சொல்வது வழக்கம். 1943இல் சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்ட சுபாஷ் போஸ், எல்லா மத, சாதித் தோழர்களையும் அனுமதித்தால்தான் வருவேன் என்று சொல்லி, ஆபித் ஹசன் முதலானோரோடு உள்ளே போனார், வெளியே வந்ததும் நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. செட்டியார்களின் கதவு திறந்தது, பெரிய விஷயம்தான். ஆனால் அங்கேயும் ஒன்றாயிருப்பது என்றால் ஒன்றாக உள்ளே போவது என்றே அர்த்தம். இன்றைய 'சர்வ தர்ம ஸ்தலம்' இதன் நீட்சி. எல்லா மதங்களையும் கூட்டி ஒரு கூரைக்குக் கீழே வைத்தால் மதச்சார்பின்மை வந்துவிடும் என்கிற கணக்கு. எதையும் கும்பிடாதவனுக்கு அதில் ஓர் ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை.

அமெரிக்காவை முன்மாதிரியாகக் காட்டும் உத்தேசம் எனக்கில்லை. குண்டுபோடுகிறவன் நாத்திகனா என்பது குண்டடிபடுகிறவனுக்கு ஆறுதலில்லை. ஆனாலும் ராணுவக் கல்லூரிகளில் கட்டாய தேவாலய வருகை செல்லாது என்று 1972இலேயே அங்கே நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2014இல் கடவுள் பெயரை உச்சரிக்க மறுத்த விமானப் படைக்காரருக்கு மறுபணி மறுக்கப்பட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே வருஷம் விதி மாற்றப்பட்டது. ராணுவம் கலைந்துபோகவில்லை.

இங்கே நிலைமை எதிர்த்திசையில் போகிறது. 2019 அக்டோபர் 8இல் ராணுவ அமைச்சர் ராஜ்நாத் சிங் பிரான்ஸ் போய் ரஃபேல் விமானத்தில் ஓம் எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஓசூர்க்காரர்களுக்கு அது புதிதாயிருக்காது. இங்கே சிப்காட்டில் வருஷா வருஷம் லேத்துக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலம் கொடுக்கிறோம். தட்டை வாங்க மறுத்த காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவருக்கு அடுத்த மாதம் வேலை புதுப்பிக்கப்படாததை நான் அறிவேன். காரணம் எழுதித் தரவில்லை. 'ஒத்துப்போற ஆளில்லை' என்று சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொன்னாராம். 'பொருந்தாதவர்' என்ற சொல் டில்லியில் காதில் விழுந்தபோது எனக்குப் பழகிய குரலாகத்தான் இருந்தது.

பாரூர் ஏரிக்கரையில் விடியற்காலையில் பையன்கள் ஓடுகிறார்கள். அக்னிவீர் தேர்வுக்கு. 2022இலிருந்து நாலு வருஷ வேலை, அதன்பிறகு நூற்றுக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பேருக்குத்தான் நிரந்தரம். யாரை வைத்துக்கொள்வது என்பதில் மேலதிகாரிகளின் மதிப்பீட்டுக்கும் பங்கு உண்டு. பதினேழு வருஷம் இருந்த ஹவில்தாரே பூட்ஸுக்குக் காவல் நின்று ஒப்பேற்ற வேண்டியிருந்ததென்றால், நாலு வருஷத்துப் பையன் எந்த ஞாயிற்றுக்கிழமை 'வரலை' என்பான்? போன வாரம் அவர்களில் ஒருவன் பெரியப்பாவிடம் யோசனை கேட்க வந்திருந்தான், திராவிடர் கழகக் குடும்பத்துப் பையன். "மதம்னு கேட்டா இந்துன்னு சொல்லிட்டு ஓடு, மூச்சு வாங்கும்போது வாதம் பண்ணாதே" என்றார். நான் குறுக்கே பேசவில்லை.