பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் லினக்ஸில் இயங்கும் கணிப்பொறி ஒன்று உண்டு. ஒருநாள் அதற்குப் புதிய கெர்னல் ஒன்றை நானே தயாரித்துப் பொருத்தினேன். மறுபடி இயக்கியபோது, 'ரூட்' கோப்பு அமைப்பை ஏற்ற முடியவில்லை என்று திரையில் அறிவித்துவிட்டு அது நின்றுபோயிற்று. ஆனால் டிஸ்க்கில் பழுது ஏதுமில்லை. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒழுங்காக இயங்கியது.

"டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது, சார்? புதிய கெர்னலுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று உடனிருந்த மாணவர் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த கையேடுகளோ இன்ன கட்டளையை இடுக என்றனவே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. ராப் லேண்ட்லி 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதிய சிறு ஆவணம் ஒன்றில்தான் விடை கிடைத்தது. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலோடு சேர்த்தே வழங்கப்படும் அந்த ஆவணம், ராம்எஃப்எஸ், ரூட்எஃப்எஸ், இனிட்ராம்எஃப்எஸ் ஆகிய மூன்றையும் விளக்குகிறது. அதன் நிறைகுறைகளை இங்கே பார்ப்போம்.

முதலில் சிக்கல் என்னவென்று தெரிந்துகொள்வோம். எங்கள் கணிப்பொறியின் 'ரூட்' ஒரு லாஜிக்கல் வால்யூமில் இருந்தது. 1998-இல் ஹைன்ஸ் மௌயல்ஸ்ஹாகன் லினக்ஸுக்காக எழுதிய ஏற்பாடு இது. டிஸ்க்கின் இடத்தைச் சிறு துண்டுகளாகக் கணக்கிட்டு (வழக்கமாக ஒரு துண்டு 4 மெகாபைட்), வேண்டிய துண்டுகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்போலக் காட்டுவது இதன் வேலை. இடம் போதாவிட்டால் வேறொரு டிஸ்க்கின் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

அந்தப் பட்டியலைக் கெர்னல் தானாகப் படிப்பதில்லை. தனியான ஒரு நிரல் அதைப் படித்துக் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். அந்த நிரலும் ஒரு கோப்புதான். அது இருப்பதோ 'ரூட்'டுக்குள்ளே. 'ரூட்' இருப்பது வால்யூமுக்குள்ளே. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது! கிரப் 2 என்னும் பூட் நிரல் பட்டியலைப் படிக்க வல்லது என்பது உண்மையே. ஆயினும், கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவைத்ததோடு அதன் வேலை முடிந்தது. அது கண்ட வழி கெர்னலுக்குக் கைமாறுவதில்லை.

இதற்கு மாற்றுச் சாவிதான் இனிட்ராம்எஃப்எஸ். தேவையான சில நிரல்களைக் கட்டிவைத்த சிறு மூட்டை அது. பூட் நிரல் கெர்னலோடு அதையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் மூட்டையை நினைவகத்திலேயே பிரித்து, அதிலுள்ள 'இனிட்' என்ற நிரலை ஓட்டும். அந்நிரல் டிஸ்க்குகளைத் தேடி, வால்யூமை எழுப்பி, உண்மையான 'ரூட்'டை ஏற்றி, பொறுப்பை ஒப்படைக்கும். புதிய கெர்னலுக்கு இந்த மூட்டையைத் தயாரிக்க நான் மறந்துவிட்டேன்; தவறு என்னுடையதே.

லேண்ட்லியின் ஆவணத்தில் என்னைக் கவர்ந்தது, காரணம் கூறும் பண்பு. ரூட்எஃப்எஸ்ஸை ஏன் கழற்ற முடியாது? ஒரு பட்டியல் காலியாகிவிடுமோ என்று எப்போதும் சோதித்துக்கொண்டிருப்பதைவிட, அது ஒருபோதும் காலியாகாதபடி வைப்பது எளிது என்கிறார். வால்யூமைத் தேடுவது போன்ற வேலைகள் ஏன் கெர்னலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் தருகிறார். இடத்துக்கு இடம் மாறும் முடிவுகளைக் கெர்னலுக்குள் அடைக்கக் கூடாது என்பதே அவர் கட்சி. அது எனக்கும் உடன்பாடே.

அடுத்த சிறப்பு, அவர் தரும் சோதனை. ஒரு வாழ்த்தை அச்சிடுவது மட்டுமே செய்யும் சில வரி நிரலை 'இனிட்' ஆக்கி, கியூஎமு என்னும் போலிப் பொறியில் ஓட்டிக் காட்டுகிறார். தனி ஊசலை வைத்து அலைவைக் கற்பிப்பது போன்ற முறை இது. தேவையற்றதை நீக்கிவிட்டால் தத்துவம் தெளிவாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. 'ரூட்' எங்கெல்லாம் ஒளிந்திருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லும் ஆசிரியர், அவற்றில் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை நடத்திக் காட்டவில்லை. வாழ்த்து அச்சிடும் நிரலிலிருந்து வால்யூமை எழுப்பும் நிரலுக்கு மாணவர் தாமே தாவ வேண்டியிருக்கிறது. பலர் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

எதிர்காலம் பற்றிய பகுதியும் பழுதானது. டிஸ்க்கின் பகுதிகளைக் கண்டறியும் வேலைகூடக் கெர்னலிலிருந்து இந்த மூட்டைக்கு மாறிவிடக்கூடும் என்று அது எதிர்பார்த்தது. அவ்வாறு நடக்கவில்லை. அதற்கு உதவ வேண்டிய கேலிப்சி என்னும் சிறு நூலகமும் கெர்னலின் மூலத்தில் இடம்பெறவில்லை. ஆனால் பின்னர் வந்த பதிப்புகளிலும் அப்பகுதி திருத்தப்படவில்லை. புதிதாகப் படிப்பவர், நடந்தது எது, நடக்காதது எது என்று எப்படிப் பிரித்தறிவார்?

இருந்தும், கட்டளைகளை மட்டும் அடுக்கும் பல கையேடுகளைவிட இச்சிறு ஆவணம் மேலானது என்பேன். என் மாணவர் இதைப் படித்துவிட்டுத் தாமே ஒரு 'இனிட்' எழுதினார். முதல் இரண்டு முறை தோல்வி; மூன்றாம் முறை வால்யூம் எழுந்தது. விடுபட்ட அந்த நடுப்படியையும் சேர்த்து யாரேனும் தமிழில் எழுதினால், அடுத்து வரும் மாணவருக்கு அந்த இரண்டு தோல்விகள் மிச்சமாகும்.