வாழையை முழுசாகப் பார்ப்பது எப்படி?

வாழையை நாம் துண்டு துண்டாகத்தான் அறிந்து வைத்திருக்கிறோம். இலை விருந்துக்கு, பூ வடைக்கு, தண்டு கூட்டுக்கு, காய் வறுவலுக்கு, பழம் பூசைக்கு, நார் பூக்கட்ட. சந்தையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குவிந்து கிடக்கிறது. இத்தனையும் ஒரே உடம்பின் உறுப்புகள் என்பது நினைவிலேயே இருப்பதில்லை. காவிரிக்கரையில் வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்த எனக்கே அந்த உடம்பு கண்ணில் படப் பல வருஷம் ஆயிற்று. ஒருமுறை பட்டுவிட்டால், வாழையடியில் நின்று பார்ப்பதைப் போன்ற இன்பம் வேறொன்று இல்லை.

அடுக்களையிலேயே தொடங்கலாம். தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிறோமே நூல், அதைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி இழையைப் போல மெல்லிசு. இழுத்தால் நீளும், விட்டால் லேசாகச் சுருளும். தண்டுக்குள் இருக்கும் நீர்க்குழாய்களின் உட்சுவரில், கம்பிச்சுருள் போலச் சுற்றியிருந்த தடிப்பு அது. குழாய் நசுங்கிவிடாமல் தாங்கியது அதுதான். வேர் உறிஞ்சிய தண்ணீர் தாருக்குப் போன பாதை, இப்போது உங்கள் விரலில்.

அடுத்து வாழைப்பூ. கள்ளன் என்கிற விறைத்த நரம்பையும் கண்ணாடி போன்ற தோலையும் உருவிப் போட்டபின் கையில் மிஞ்சுகிற பூவின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். காயாகாமல் நின்றுபோன சூலகம் அது. அதே காம்பில், இதற்கு முன்னால் விரிந்த பெண்பூக்களில் அந்தப் பகுதிதான் நீண்டு பருத்துச் சீப்புச் சீப்பாகக் காயானது. ஒரு வாழைக்காயின் நுனியில் இருக்கும் கறுத்த முனையைத் தொட்டுப் பாருங்கள், பூ உட்கார்ந்திருந்த இடம். வடைக்கு ஆய்ந்த பூவும் வறுவலுக்குச் சீவிய காயும் உடன்பிறப்புகள்.

இனி தோட்டத்துக்குப் போகலாம். வாழை மரம் என்று வாய் சொன்னாலும் அது மரமில்லை. வெட்டிய வாழையின் குறுக்குமுகத்தைப் பார்த்தால் பிறை பிறையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பிறையும் ஓர் இலையின் அடிப்பட்டை, உள்ளே வரிசை வரிசையாகக் காற்றறைகள். மரமாய் நிற்பது முழுக்க இலைதான். நிஜமான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. வளரும் முனையும் தரையை ஒட்டியே இருந்து, ஒவ்வொரு குருத்தையும் முந்தின இலைகளின் நடுவே சுருட்டி மேலே அனுப்புகிறது. பூ உருவான பிறகுதான் கிழங்கிலிருந்து தண்டு எழும்பி, பட்டைகளுக்கு நடுவே ஏறி, உச்சியில் தலைகாட்டும். நாம் கூட்டு வைப்பது அந்தத் தண்டைத்தான். தார் தள்ளாத வாழையில் நல்ல தண்டு கிடைக்காததன் காரணம் இதுதான். நம்ப முடியாவிட்டால், காற்றில் ஒடிந்த இளம் வாழை ஒன்றைக் காலையில் சீராக வெட்டிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். வெட்டு முகத்தின் நடுவே குருத்து விரல் அகலத்துக்கு மேலே வந்திருக்கும்.

உச்சி வெயிலில் ஒருதரம், மாலையில் ஒருதரம் அதே இலையைப் பாருங்கள். வெயிலில் நடுநரம்பின் இருபுறமும் தொங்கி மடியும், மாலையில் விரியும்.

ஆனால் நான் மிகவும் விரும்புவது இலைக்கும் தாருக்கும் உள்ள கணக்கை. பூ உருவாகிவிட்டால் புது இலை பிறப்பதில்லை. வெயில் காலத்தில் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒன்றாக வந்துகொண்டிருந்த வரிசை, குட்டையான கடைசி இலையோடு முடிந்துவிடும். அந்த இலையைப் பார்த்தாலே, தார் வரப்போகிறது என்று தோட்டத்தில் தெரிந்துகொள்வார்கள். அதன்பின் தாருக்குச் சோறு போடுவது, அன்றைக்கு இருக்கும் பத்துப் பன்னிரண்டு பச்சை இலைகள்தான். எத்தனை சீப்பு என்பதும், பூ வெளியே வருவதற்குப் பல வாரம் முன்பே பட்டைகளுக்குள் முடிவாகிவிடும். நான்காம் ஐந்தாம் மாதத்தில் தண்ணீரும் எருவும் தவறினால், எட்டாம் மாதத்தில் சீப்பு குறையும். அதனால் ஒரு தாரைப் பார்க்கும்போது அண்ணாந்து இலைகளை எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே போயிருந்தால் காய் திரள்வது சிரமம். சாப்பாட்டு இலைக்கென்று வளர்க்கிற தோட்டத்தில் நல்ல தாரை யாரும் எதிர்பார்க்காததும் இதனால்தான்.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது எங்கள் தோட்டத்தில் ஒரு வாழை நோயுற்றது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருக்கியடித்து நின்றன. முடிக்கொத்து நோய். அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒன்றை வெட்டிச் சாய்த்தேன். பெரியப்பா வந்து பார்த்தார்.

“ஒத்தைய வெட்டி என்னம்மா ஆகப்போவுது? கிழங்கோட தோண்டு. கன்னு எல்லாத்தயும் எடு.”

“கன்னு நல்லாத்தானே இருக்கு பெரியப்பா?”

“உனக்குத்தான் அது வேற, இது வேற. அதுக்கு எல்லாம் ஒண்ணு.”

அசுவினி பரப்பும் வைரஸ் அது. ஒரு குருத்தில் நுழைந்தால் கிழங்கு வழியாகக் கன்றுகளுக்கும் போய்விடும். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விருப்பாட்சி வாழையைப் பெருமளவில் அழித்த நோய் இதுவே. நான் ஐந்து வாழை என்று எண்ணிய இடத்தில் பெரியப்பா ஒன்றைத்தான் பார்த்திருந்தார்.

நோய் போன அதே கிழங்கு வழியாகத்தான் வாழை பெருகுவதும். பூவன் பழத்தைக் கடித்தால் நடுவில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். விதையாக வேண்டியவை. காட்டு வாழைக்கு 22 குரோமோசோம்கள், பூவன், ரஸ்தாளி போன்றவற்றுக்கு 33. மூன்று தொகுதிகள் சரியாகப் பிரிய முடியாததால் விதை பிடிப்பதில்லை. வாழையடி வாழை என்று வாழ்த்துவது கிழங்கை நம்பித்தான்.

ஆகவே கன்றுகளின் இலை அகலத்தைப் பார்க்கப் பழகுங்கள். தாயோடு இறுக ஒட்டியிருக்கும் கன்றின் இலை ஈட்டி போல ஒடுங்கியிருக்கும். தாய் ஊட்டுகிறது, கூடவே அதை அடக்கியும் வைக்கிறது. பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் நீர்க்கன்று தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டும், அதனால் சின்னதிலேயே அகன்ற இலை விரிக்கும். நடவுக்கு ஈட்டிக் கன்றைத் தேடுவது அதன் அடியில் உள்ள கனத்த கிழங்குக்காக.

தார் வெட்டியபின் தாயை உடனே அடியோடு சாய்க்காமல் விடுகிற தோட்டம் எதுவும் பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள். பட்டைகளில் மிஞ்சிய நீரும் சத்தும் கிழங்கு வழியே, அடுத்த போகத்துக்கு விட்ட மறுதாம்புக் கன்றுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். தாய் நாளுக்கு நாள் துவண்டு சரியும். அப்போது கன்றில் அடுத்தடுத்து விரிகிற இலைகளைப் பாருங்கள்: ஈட்டி இலை மாறி, ஒவ்வொன்றும் முந்தினதைவிட அகலமாக வரும்.