கண்டிக்கு ஏறிய உப்பு

வணிகர் மலரொன்றில் எழுத உப்பைவிடப் பொருத்தமான சரக்கு எனக்குத் தோன்றவில்லை. நெல்லும் பாக்கும் மிளகும் விளைந்த கண்டி இராச்சியத்துக்கு உப்பு மட்டும் கரையிலிருந்து ஏறி வரவேண்டியிருந்தது. கரையை மூடினால் கண்டி வழிக்கு வரும் என்று ஒல்லாந்தர் கணக்குப் போட்டதும் அதனால்தான். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனோடு நடந்த போருக்குப் பின் 1766இல் எழுதிய உடன்படிக்கையில் கரை முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. உப்பு எடுத்துப்போகும் உரிமை கண்டியாருக்கு மிஞ்சியது.

சுமந்து வந்தவை தவளம் எனும் பொதிமாட்டு அணிகள். நடத்தியவர்களில் முஸ்லிம்கள் பெரும்பங்கு. அதற்கென்றே அரசில் மடிகே பத்த என்றொரு பகுதி இருந்தது. ஏறும்போது உப்பும் கருவாடும், இறங்கும்போது பாக்கு.

அம்பாந்தோட்டையின் லேவாய் எனும் உப்புக் களப்புகளில் மனிதக் கைக்கு வேலை குறைவு. தேங்கிய உவர்நீர் வெயிலில் வற்றித் தானே உறையும், வாரினால் போதும். கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலில் இந்த உப்புக்கு இடமுண்டு. கண்டிக் கச்சேரியில் அதிகாரியாயிருந்த லெனார்ட் வூல்ஃப் 1908இல் அம்பாந்தோட்டைக்கு மாறியபோது, உப்பு வாருவிப்பது அவர் தலையில் விழுந்தது. புத்தளத்தார் களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி முற்றவைப்பார்கள். அக்கரையில் தூத்துக்குடியார் கிணறு வெட்டி, கடல்நீரைவிட அடர்ந்த உவர்நீரை இறைப்பார்கள். அந்நாளில் ஏற்றம், இன்று மோட்டார்.

கிணற்று உப்பா கடலுப்பா என்ற சண்டை வீண் என்பது என் கட்சி. உப்பு உறைந்தபின் மிஞ்சும் கைப்புநீரை எப்போது வடித்தார்கள் என்று கேளுங்கள். அளத்தார் ‘டிகிரி’ என்பது உவர்நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு. 25க்கு அருகில் உப்பு உறையத் தொடங்கும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடவே இறங்கும். அப்படிப்பட்ட உப்பு நாக்கில் கசக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும். புத்தளத்து வெயிலில் குட்டு வெளிப்படாது. கண்டியின் ஒக்டோபர் மழையிலோ சட்டியின் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். உப்பு விளையாத ஊர்தான் உப்புக்குக் கண்டிப்பான பரீட்சகர்! குவியலுக்குக் கிடுகு வேய்ந்து மாதக்கணக்கில் ஆறப்போடுவது இந்தக் கைப்பு வடியத்தான். அவசர வியாபாரி திருடுவது அந்த மாதங்களை.

இப்போது அயடீன் சேர்த்த தூளுப்பு பைக்கற்றில் வருகிறது. கழலை நோய் கண்ட நாட்டில் அது வேண்டியதே. ஆனாலும் எலுமிச்சை ஊறுகாய்க்குக் கல்லுப்புத் தேடுகிறவர்கள் உண்டு. கல்லை விரலிடையில் உருட்டிப் பார்த்து, பிசுபிசுத்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள்.