கழுவாத கருவியும் நீல விளக்கும்

அழகுக்கலைப் பயிற்சி மையங்களின் விளம்பரத் தாள்களில் இப்போது யூவி ஸ்டெரிலைசர் பெட்டிக்குத் தனிப் படமே போடுகிறார்கள். படிப்பில் சேர்ந்தால் மேக்கப் கிட்டோடு சின்ன யூவி பெட்டி ஒன்றும் இலவசம் என்கிற இடங்களும் உண்டு. சென்ற மாதம் அப்படியொரு மையத்துக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே பாடம் எடுக்கும் பெண்மணி பெருமையோடு சொன்னார்: “மேடம், எங்க பிள்ளைங்கள தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பாக்டீரியா வகையெல்லாம் சொல்லுவாங்க. யூவி பாக்ஸ் இல்லாம ஒருத்திகூட பார்லர் வைக்க மாட்டா. பத்து வருஷத்துக்கு முன்னால இதெல்லாம் இருந்துச்சா?”

இல்லைதான். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய பெண்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தோலில் குடியிருப்பதைத் தெரிந்துகொண்டு தொழிலுக்கு வருவது நல்ல மாற்றம். கையுறை போடுகிறார்கள். ஒருவருக்குப் போட்ட துண்டை அடுத்தவருக்குப் போடத் தயங்குகிறார்கள். யூவி-சி கதிருக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் குடிநீர்ச் சுத்திகரிப்பில் நன்றாகவே வேலை செய்கிறது. கழுவி உலர்த்திய கருவியைத் தூசு படாமல் வைப்பதற்கு அந்தப் பெட்டி பொருத்தமான இடம். இவ்வளவும் சரி. ஆனால் அன்று அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவள் நான்.

தேர்வுக்கு வந்த மாணவிகளில் ஒருத்தி பாடத்தைத் தடையில்லாமல் ஒப்பித்தாள். உருண்டையாக இருந்தால் காக்கஸ், குச்சியாக இருந்தால் பேசில்லஸ், சுருளாக இருந்தால் ஸ்பைரில்லம். கொத்தாகத் திரண்டிருந்தால் ஸ்டஃபைலோ, சங்கிலியாகக் கோத்திருந்தால் ஸ்ட்ரெப்டோ. அவளுடைய ரெக்கார்டு நோட்டில் வண்ணப் பென்சிலில் அழகான படங்கள். சுருள் பாக்டீரியாவுக்கு எதிரே ‘லைம் நோய்’ என்று எழுதியிருந்தாள். காட்டு உண்ணி கடித்து வரும் அந்த நோய்க்கும் நம் ஊர் பார்லருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. மேஜையில் இருந்த ட்வீசரைக் காட்டி, “இது சுத்தமா?” என்று மட்டும் கேட்டேன். “யூவியில வெச்சு எடுத்தேன் மேடம்” என்றாள். ஈரப் பஞ்சை அதன் இடுக்கில் விட்டு ஒரு இழு இழுத்தேன். பஞ்சில் கறுப்பாக ஒரு கோடு. அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு புருவ முடிகள். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தாள்.

பெட்டிக்குள் சீப்பும் நகவெட்டியும் வேக்ஸ் எடுக்கும் கத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. யூவி ஒளி நேராகப் போகும். விழுந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். ட்வீசரின் இடுக்கு, நகவெட்டியின் அடிப்பகுதி, அடுக்கில் கீழே கிடக்கும் கருவி எல்லாமே அதற்கு நிழல். எண்ணெய்ப் பசையும் காய்ந்த ரத்தமும் நகத்தூளும் படிந்திருந்தால் அவற்றுக்கு அடியில் இருக்கும் கிருமியை அந்த ஒளி எட்டாது. குழல் பழசாகப் பழசாகக் கதிரின் வலு குறைந்துகொண்டே போகும். நீல வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். யூவி-சி நம் கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்க்கும் நீலம் வேறு. பல ஆண்டுகளாகத் தேர்வு நடத்தப் போகிறேன்; குழலை மாற்றிய தேதியை எழுதி ஒட்டிய பெட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அமெரிக்க அழகுக்கலைப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் மைலேடி பாடநூலின் சாயல் நம் மையங்களின் குறிப்புகளில் நன்றாகவே தெரியும். உருண்டை, குச்சி, சுருள் என்ற வரிசையும் லைம் நோயும் அந்தப் பக்கமிருந்து வந்தவைதான். அதே பாடநூல் இந்தப் பெட்டியைச் சுத்தம் செய்த கருவிகளை வைத்துக்கொள்ளும் இடமாகத்தான் சொல்கிறது, கிருமி நீக்கும் சாதனமாகச் சொல்லவில்லை. வடிவங்களை எடுத்துக்கொண்டவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை இதற்கும் அடியில் இருக்கிறது. நம் வகுப்புகளில் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு ஒரே பெயர். சோப்பும் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை அகற்றுவது முதல் வேலை. மிச்சமிருக்கும் கிருமிகளை மருந்து நீரில் குறித்த நேரம் முழுக்க ஊறவைத்துப் பெரும்பாலும் கொல்வது இரண்டாவது. ஸ்போர் உட்பட ஒன்று விடாமல் அழிப்பது மூன்றாவது. அதற்கு ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி வேண்டும், அழுத்தம் வேண்டும், கால் மணி நேரமாவது வேண்டும். இந்த மூன்றையும் மாணவிகள் ‘ஸ்டெரிலைஸ் பண்றது’ என்றே சொல்கிறார்கள். தமிழில் அச்சடித்த குறிப்புகளோ இரண்டாவதையும் மூன்றாவதையும் ‘கிருமி நீக்கம்’ என்று ஒன்றாக்கி, முதலாவதை எழுதவே இல்லை. காலையில் கலந்த டெட்டால் தண்ணீரில் சாயங்காலம் வரை சீப்பு மிதந்தாலும் ஸ்டெரிலைஸ்தான். கொதிக்கிற தண்ணீரில் கத்தியை முக்கி எடுத்தாலும் ஸ்டெரிலைஸ்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் கை எதில் சுலபமோ அதைத்தான் செய்யும். பெட்டிக் கதவைத் திறந்து மூடுவதைவிடச் சுலபமான வேலை வேறென்ன இருக்கிறது?

மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைத் தயார் செய்யும் பிரிவுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே முதல் அறை கழுவும் அறை. கத்தரியின் மூட்டைத் திறந்து, பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, உலர்த்தி, கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த அறைக்கு அனுப்புவார்கள். ஆட்டோகிளேவ் வைத்திருக்கிறவர்களே கழுவாத கருவியை அதற்குள் வைப்பதில்லை.

கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழிலுக்குள்ளேயே நடந்த ஓர் உதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் ஒரு நகப் பராமரிப்பு நிலையம். பெடிக்யூருக்கு வந்தவர்கள் காலை வைத்துக்கொள்ளும் தொட்டியில் வெந்நீர் சுழன்றுகொண்டே இருக்கும். அங்கே வந்துபோன 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்தன. சிலருக்கு ஒன்றிரண்டு, ஒருவருக்கு 37. மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து தழும்பாயின. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம் என்ற பாக்டீரியா. சாதாரணக் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கக்கூடியது. அந்தக் கடையிலிருந்த பத்துத் தொட்டியிலும் அது வளர்ந்தது. எங்கே தங்கியிருந்தது தெரியுமா? தண்ணீரை உறிஞ்சும் துளையை மூடியிருந்த சல்லடைக்குப் பின்னால். வந்துபோனவர்களின் முடியும் தோல் செதிளும் அங்கே பிசுக்காகச் சேர்ந்திருந்தன. பெடிக்யூருக்கு முன்னால் ரேசரால் கால் மழித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் தொற்று அதிகம். மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும் அல்லவா, அவை வாசலாகிவிட்டன.

அந்தக் கடைக்காரர்களுக்குப் பாக்டீரியாவின் வடிவம் தெரிந்திருந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? ஸ்க்ரூவைக் கழற்றி, சல்லடையை எடுத்து, பின்னால் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். அதன் பிறகு கலிஃபோர்னியா கொண்டுவந்த விதிகளும் அதைத்தான் கேட்டன. ஒவ்வொருவருக்குப் பிறகும் தண்ணீரை வடித்துத் தேய்த்து மருந்து விட வேண்டும். நாள் முடிவில் சல்லடையைக் கழற்றி அதன் பின்புறத்தைக் கழுவ வேண்டும்.

நம் பார்லருக்கு வருவோம். இங்கே அதிகம் நடக்கும் வேலை திரெட்டிங். நூலின் ஒரு முனை விரலில், மறுமுனை பல்லில். கடித்த இடத்தில் எச்சில். முடி பிடுங்கிய துளைகள் திறந்திருக்கும் புருவத்தின்மேல் அதே நூல் ஓடுகிறது. தட்டை மரு இப்படிப் பரவியதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யும் முறை ஒன்று இருக்கிறது. பழகப் பத்து நாள் போதும். அன்று என்னிடம் பாக்டீரியா பாடத்தை ஒப்பித்த அதே பெண் மாடலுக்குத் திரெட்டிங் செய்ய உட்கார்ந்ததும் நூலைப் பல்லில் வைத்தாள். பக்கத்திலேயே நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருவை உண்டாக்குவது வைரஸ், படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை. பாடத்திலோ பாக்டீரியா மட்டும்தான் விரிவாக இருக்கிறது. காய்ந்த ரத்தத் துளியில் ஹெபடைடிஸ் பி வைரஸ் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும் என்ற ஒரு வரி, சுருள் பாக்டீரியா படத்தைவிட அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

இப்போது டெர்மா ரோலரும் வந்துவிட்டது. ஊசிகள் பதித்த உருளையை முகத்தில் உருட்டி எடுத்து, பெட்டிக்குள் வைத்து, அடுத்தவருக்கு எடுக்கிறார்கள். ஊசிக்கு ஊசி நிழல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2018இல் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் ரத்தத்தைப் பயன்படுத்தி ஊசியால் முக அழகு சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி தொற்றியது விசாரணையில் வெளிவந்தது. ஒருவருக்குப் பயன்படுத்திய ரோலரைக் குப்பையில் போடுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. இலவசப் பெட்டி அந்த வழியை மறக்கடிக்கிறது.

‘சின்ன பார்லர், தண்ணீர் வசதி இல்லை, தை மாத முகூர்த்த நாளில் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருகிறார், கழுவ நேரம் ஏது? ஒன்றுமே இல்லாததற்குப் பெட்டியாவது இருக்கட்டுமே’ என்பது ஆசிரியைகள் எல்லோரும் சொல்லும் வாதம். நான் இதை ஏற்க மாட்டேன். ஒன்றும் இல்லாதபோது மனதில் ஒரு பயமாவது இருக்கும், அந்தப் பயம் கையைக் கழுவவைக்கும். பெட்டி அந்தப் பயத்தை எடுத்துவிடுகிறது. பெட்டிக்குப் போகிற காசில் ஒரு செட்டுக்கு மூன்று செட் ட்வீசரும் சீப்பும் வாங்கலாம். பயன்படுத்தியதை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, சாயங்காலம் மொத்தமாகத் தேய்த்துக் கழுவி, மருந்தில் ஊறவைத்துக் காயப்போட்டால் நேரப் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு நல்ல பழக்கம் இந்த மண்ணில் வேரூன்ற முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் நம் சலூன்களில் சவரக்கத்தி போய், பிளேடை உறையோடு இரண்டாக முறித்து மாட்டும் பிடி வந்தது. வைரஸின் வடிவத்தை எந்தச் சலூன்காரருக்கும் யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. ஆளுக்கொரு புது பிளேடு, அதையும் வந்தவர் கண்ணெதிரே முறிக்க வேண்டும் என்ற ஒரே செயல் பழக்கமானது. வந்து உட்கார்ந்தவர்களும் “புது பிளேடு போடுங்க” என்று கேட்கப் பழகினார்கள். அதே நாற்காலியில், மழித்து முடித்ததும் எல்லார் கன்னத்திலும் தேய்க்கும் ஒரே படிகாரக் கட்டி அப்படியே இருப்பதையும் சொல்ல வேண்டும். யாரும் அதைப் பற்றிக் கேட்கச் சொல்லித்தரவில்லை.

கழுவுவதை ஏன் பாடமாக வைக்க மாட்டேன் என்கிறார்கள்? அது வேலைக்கார அம்மாவின் வேலை என்ற எண்ணம்தான், வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. பார்லரில் சேரும் புதுப்பெண்ணிடமோ தரை துடைக்க வரும் அம்மாவிடமோ கிண்ணங்களைத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் எந்த வகுப்பிலும் உட்காராதவர்கள். முடி வெட்டுவோர் கட்டியும் கீறி, அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவமும் பார்த்த ஊர் இது. மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் அப்படி வந்தவை. இன்றைய அழகுக்கலை வெள்ளைக் கோட்டையும் ‘கிளினிக்’ என்ற பெயரையும் விளக்கெரியும் பெட்டியையும் மருத்துவத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. மருத்துவத்தின் முதல் அறையில் நடக்கும் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று என்னிடம் கொடுத்த மதிப்பெண் தாளில் ‘ஸ்டெரிலைசர் பயன்பாடு’ என்று ஒரு கட்டம், ஐந்து மதிப்பெண். கழுவுவதற்குக் கட்டமே இல்லை. நூலைப் பல்லில் வைத்ததற்குக் குறைக்கவும் இடமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஐந்தும் போட்டுக் கையெழுத்திட்டேன். விதிப்படி வேறு செய்ய முடியாது. அடுத்த பேட்ச்சுக்குத் தேர்வு வைகாசியில். ஆளுக்கு ஒரு பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புக் கரைத்த கிண்ணமும் நாள் முழுக்கப் புழங்கிய ஒரு ட்வீசரும் மேஜையில் இருக்க வேண்டும், பெட்டியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.