மேல்மண் கணக்கு

நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரம் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: அது அவசரமே படாது. பல மாடி உயரம் இருக்கும் மண்சுவரைச் சட்டியிலிருந்து வெண்ணெய் வழிப்பதுபோல வழித்துக்கொண்டே போகும். வழித்த மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறி, கிலோமீட்டர் கணக்கில் பயணப்பட்டு, நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் ஸ்ப்ரெடர் என்னும் மண்பரப்பி எந்திரத்தின் நீண்ட கையிலிருந்து கொட்டும். ஒரு டன் பழுப்பு நிலக்கரி வேண்டுமென்றால் ஐந்தாறு கனமீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண்ணில் எது எது என்று எந்திரத்துக்குத் தெரியாது. எரு போட்டு, ஆட்டுக்கிடை கட்டி, தழை மிதித்துத் தலைமுறைக் கணக்கில் பழக்கிய மேல்மண் ஒரு அடியோ ஒன்றரை அடியோதான். தனியே வழித்து வைக்காவிட்டால் அது அடியிலிருந்து வரும் மணலோடும் களியோடும் கலந்துவிடும். கல்யாண அண்டா சாம்பாரில் ஒரு கரண்டி தயிர் விழுந்த மாதிரி. தயிர் உள்ளேதான் இருக்கிறது. திரும்ப எடுக்க முடியாது.

நெய்வேலியின் நில மீட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு அடியிலிருந்து தொடங்குவதில்லை. மரத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

மரங்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. கொட்டிய சுரங்க மண்ணில் அங்ககக் கரி மிகக் குறைவு, தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். மணல் தூக்கலாக இருக்கும் இடத்தில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. களி தூக்கலாக இருக்கும் இடம் வெயிலில் ஓடு மாதிரி இறுகும். ஐப்பசி மழை ஒன்று பலமாகப் பெய்தால் சரிவெல்லாம் ஆள் இறங்கி நடக்கும் அளவுக்குக் கீறிக்கொள்ளும். அப்படிப்பட்ட மேட்டில் படிகள் வெட்டி, வடிகால் அமைத்து, முந்திரியும் மாவும் சவுக்கும் நட்டுக் காப்பாற்றியிருப்பது எளிய வேலை இல்லை. வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து உயிர் உரமும், பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்த ஹியூமிக் அமிலமும் இட்டுப் பயிர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளம் ஏரியாகியிருக்கிறது; பூங்கா இருக்கிறது, பறவைகள் வருகின்றன. சரியும் மண்ணை நிறுத்துவது, புழுதி பறக்காமல் பார்த்துக்கொள்வது என்ற அளவில் நெய்வேலிக்குத் தேர்ச்சி மதிப்பெண் கொடுத்துவிடலாம். நாட்டின் பல திறந்தவெளிச் சுரங்கங்கள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

ஆனால் மீட்பு என்ற சொல் அதைவிடப் பெரியது. போனது எதுவோ அது திரும்பி வரவேண்டும். என்ன போனது?

இதற்கு ஒரே பதில் இல்லை. இங்கேதான் பெரும்பாலான மதிப்பீடுகள் சறுக்குகின்றன. கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ வருவதைக் கவனித்து, பிறகு நிலமும் கொடுத்த ஜம்புலிங்க முதலியாரின் காலத்து நெய்வேலி, பெரும்பாலும் செம்மண் மேட்டுப் பூமி. முந்திரி, பலா, மணிலா, கம்பு. பண்ணுருட்டிப் பக்கத்து ஆட்களுக்குப் பழகிய மண். 1957இல் தொடங்கிய முதல் சுரங்கம் விழுங்கியது இதைத்தான். அந்த இடத்தில் இன்று முந்திரித் தோப்பு நின்றால், போனதும் வந்ததும் ஓரளவு ஒத்துப்போகின்றன என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாம் சுரங்கம் தென்கிழக்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் நகர நகரக் கணக்கு மாறுகிறது. கத்தாழை, கரிவெட்டி, வளையமாதேவி எல்லாம் நெல் விளையும் ஊர்கள். நஞ்சையை எடுத்துக்கொண்டு முந்திரித் தோப்பைக் காட்டினால் அது மீட்பு ஆகாது, பண்டமாற்று. அதுவும் ஒரு தரப்பு மட்டுமே விலை சொன்ன பண்டமாற்று.

நஞ்சை மண் உழவன் செய்த பொருள். சேற்றுழவு உழுது உழுது, கலப்பைக் கொழு எட்டும் ஆழத்துக்குக் கீழே ஒரு இறுகிய தளம் உருவாகிறது. வயலில் தண்ணீர் நிற்பது அந்தத் தளத்தால்தான். வரப்பும் வாய்க்காலும் அளந்து கட்டுகிற சமாசாரம். இந்தத் தளம் அப்படி வராது, ஆண்டுக்கணக்கில் உழவு வேண்டும். கொட்டிக் குவித்த மண்ணோ பல ஆண்டுகளுக்குச் சமமில்லாமல் அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஒரு மூலை தாழ்ந்தால் போதும், தண்ணீர் முழுக்க அங்கே போய்விடும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்தாலும் உயரக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. எடுத்த கையோடு இன்னொரு இடத்தில் பரப்பினால்தான் உயிரோடு போய்ச் சேரும். சுரங்கத் திட்டம் போடும்போதே மேல்மண்ணுக்குத் தனி ஆளும் தனி வண்டியும் தனி வழியும் ஒதுக்கினால் ஒழிய இது நடக்காது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வரும் பருவத்தில் நின்ற நெல்லுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. நிலம் ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, கால்வாய் முடியாவிட்டால் மழைக்காலத்தில் சுரங்கத்துக்கும் ஊர்களுக்கும் ஆபத்து என்பது சுரங்கத்தை நடத்தும் நிறுவனத்தின் வாதம். அதில் பொய் இல்லை. ஆனால் கதிர் விடவிருந்த பயிரை அந்த வாரமே மடக்க வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நில மீட்பு பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். நிலத்தை எடுக்கும்போது மேலே நிற்கும் பயிருக்கே பொறுமை காட்டாத ஏற்பாடு, கீழே இருக்கும் ஒரு அடி மண்ணைப் பொறுமையாக வழித்து வைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பழியை நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. சட்டம் கேட்பதே குறைவு. சுரங்க மூடல் திட்டத்துக்காக நிலக்கரி அமைச்சகத்தின் 2013 வழிகாட்டுதல்கள் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாயை, 2009ஆம் ஆண்டு விலைவாசியில், எஸ்க்ரோ என்னும் பிணைக் கணக்கில் போடச் சொன்னன. 2020இல் அது 9 லட்சமானது. ஏக்கருக்குப் பிரித்தால் சுமார் 3.6 லட்சம். சரிவைச் சமன்செய்வதிலிருந்து கண்காணிப்பு வரை எல்லாச் செலவும் இதற்குள். தோப்பு போட இது போதலாம். வயல் செய்யப் போதாது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: சுரங்கம் தோண்டிய இடத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனத்துக்கும் செடிகொடிக்கும் விலங்குகளுக்கும் ஏற்றதாக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையில் சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனாலும் புல் வளர்த்துவிட்டால் கடமை முடிந்தது. நெல் என்ற சொல் எந்த நிபந்தனையிலும் கண்ணில் படவில்லை. பிறகு பச்சையாகத் தெரிவதெல்லாம் மீட்பாகிவிடுவதில் என்ன ஆச்சரியம்?

வேறு விதமாகச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு, நெய்வேலிக்குப் பக்கெட் வீல் எந்திரத்தை அனுப்பிய ஜெர்மனியிலேயே சாட்சி இருக்கிறது. ரைன்லாந்துச் சுரங்கங்களில் மேலே கிடக்கும் லோயஸ் என்னும் வளமான வண்டலைத் தனியே வழித்து, நிரப்பிய நிலத்தின்மேல் இரண்டு மீட்டர் கனத்துக்கு, எந்திர பாரத்தில் இறுகாமல் பரப்புகிறார்கள். முதலில் குதிரைமசால், அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைத் திறக்கிறது. பிறகு தானியம். ஏழு ஆண்டுகள் நிறுவனமே பயிர் வைத்து மண்ணைப் பழக்கி, அதற்குப் பின்தான் விவசாயி கையில் கொடுக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிச் செயல்தான். வாங்கிக்கொள்ள ஒரு விவசாயி காத்திருக்கிறான் என்று தெரிந்தால் மண்ணைக் கொட்டும் விதமே மாறிவிடும். நெய்வேலியில் நிலக்கரி எடுத்து முடிந்த பிறகும் பட்டா நிறுவனத்தின் பெயரில்தான். அந்த மண்ணில் ஏர் ஓட்டிப் பார்த்து, இது ஆகாது என்று சொல்ல ஆள் இல்லை.

ஜெர்மனியைக் கொண்டாடவும் வேண்டாம். லௌசிட்ஸ் பகுதியில் பழைய பள்ளங்களில் தேங்கிய நீர் அமிலமாகி, டன் டன்னாகச் சுண்ணாம்பு கொட்டிச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். 2009இல் நாக்டெர்ஷ்டெட்டில் இப்படியொரு ஏரிக்கரை வீடுகளோடு சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். தண்ணீரைக் கணக்கில் எடுக்காத மீட்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

நெய்வேலியின் அடுத்த பெரிய கேள்வியும் தண்ணீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்துக்கொண்டு மேலே வரும். ஆகவே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இறைக்கிறார்கள். சுற்று ஊர்க் கிணறுகள் கீழே இறங்கிய கதையை உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே சமயம் சுரங்கத்திலிருந்து வெளியே விடும் நீர் வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுக்கும் போய் வேறு சில ஊர்களின் வயலை நனைக்கிறது. ஒருவர் கிணற்றிலிருந்து எடுத்து இன்னொருவர் வாய்க்காலில் விடுவதுபோல. சுரங்கம் மூடி இறைப்பு நின்றால் இந்த இரண்டாவது கூட்டத்தின் கதி என்ன? ஜெர்மனியின் ஸ்ப்ரீ ஆறு இதே சிக்கலில்தான் நிற்கிறது: நிலக்கரி நின்றால் வறண்ட கோடை மாதங்களில் சில இடங்களில் 75 சதவீதம் வரை நீர் குறையலாம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2023இல் கணித்தது. குறைந்தபட்சம் கணித்தது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மண்மேட்டை நிறுத்திப் பசுமையாக்கியதில் நெய்வேலி தேறியது. செம்மண் புஞ்சையை முந்திரித் தோப்பாகத் திருப்பியதில் பாதி தேறியது. மீதிப் பாதி, அது பழைய ஆட்களிடம் திரும்பாததால் போயிற்று. நஞ்சையைப் பொறுத்தவரை தேர்வே எழுதவில்லை. ஆராய்ச்சிப் பாத்தியில் நெல் விளைந்தது என்பது விடையாகாது. உரமும் நீரும் மேற்பார்வையும் ஊற்றினால் மொட்டை மாடியில்கூட நெல் விளையும்.

தேர்வு எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டாம் சுரங்கத்தில் இனி எடுக்கப்போகும் நஞ்சையில் ஐம்பது ஏக்கரின் மேல்மண்ணை மட்டும் தனியே வழித்து, அதே பருவத்தில் நிரப்பிய நிலத்தில் பரப்பட்டும். சில ஆண்டுகள் தக்கைப்பூண்டும் உளுந்தும் போட்டு மடக்கி உழட்டும். பிறகு நிலம் கொடுத்த குடும்பங்களிடமே விட்டுவிட்டு, ஐந்து போகம் யாரும் உள்ளே போகாமல் இருக்கட்டும். ஒவ்வொரு போகத்திலும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதைப் பக்கத்து ஊர்ச் சுரங்கம் படாத வயலோடு சேர்த்து, ஊர் நடுவில் வைத்து எண்ணினால் போதும்.