ரேஷன் கார்டை வெட்டிய மென்பொருளும் ஐரோப்பிய உடன்படிக்கையும்

ஐரோப்பிய கவுன்சில் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவு உடன்படிக்கையை கொஞ்ச நாளா வாசிச்சிட்டிருந்தேன். 2024 செப்டம்பர் 5-ல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரத்துல கையெழுத்துக்குத் திறந்தாங்க. செயற்கை நுண்ணறிவு, மனித உரிமை இரண்டையும் சேர்த்து நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் சர்வதேச ஒப்பந்தம் இது. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் அன்னைக்கே கையெழுத்துப் போட்டாங்க. இந்தியா இதில் இல்லை.

இல்லாத ஒப்பந்தத்தைப் பற்றி நமக்கென்ன என்று விட்டுடலாம். ஆனா தனியார் கம்பெனியை எப்படிப் பொறுப்பாக்குவது என்ற கேள்வியை உலக நாடுகள் உட்கார்ந்து பேசி எழுதின பதில் இது. நம்ம நாட்டு விவகாரம் ஒன்றை வைத்து இதை உரசிப் பார்த்தால் எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு என்று தெரியும். நான் எடுத்துக்கிட்டது தெலங்கானா.

அங்கே ‘சமக்ர வேதிகா’ என்று ஒரு அமைப்பு. பல அரசுத் துறைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து, யாருக்கு கார் இருக்கு, யாருக்கு நிலம் இருக்கு, யார் அரசு ஊழியர் என்று கண்டுபிடிக்கும். மென்பொருளைக் கொடுத்தது ஹைதராபாத்தின் போசிடெக்ஸ் டெக்னாலஜிஸ். 2014 முதல் 2019 வரை தெலங்கானாவில் 18.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. எல்லாமே இந்த மென்பொருள் செய்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா முன்னறிவிப்பு இல்லாம போனது. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தலையிட்டு, ரத்தான கார்டுகளை நேரில் சரிபார்க்கச் சொன்னது. மறுபரிசீலனை கேட்டு வந்த மனுக்கள் 4,91,899. அந்த ஜூலைக்குள் பார்த்து முடித்தது 2,05,734. அதில் தகுதியுள்ளவர்கள் என்று தெரிந்தது 15,471. நூற்றுக்கு ஏழரை.

2024 ஜனவரியில் அல் ஜசீரா வெளியிட்ட புலனாய்வில் ஒரு விதவையின் கதை வரும். ரிக்‌ஷா இழுத்த கணவரை, பெயர் ஒத்த இன்னொருவரோடு மென்பொருள் சேர்த்து, கார் வைத்திருப்பவர் ஆக்கிவிட்டது. குடும்பத்துக்கு அரிசி நின்றது.

இது எப்படி நடக்கும்? எங்க மாவட்டத்து ஆளுக்கு விளக்கவே வேண்டாம். நாகர்கோவில் பக்கம் ஒரு வாக்காளர் பட்டியலை எடுங்க. இசக்கியம்மாள், இசக்கிமுத்து, தாணு, சுயம்பு, மரிய என்று தொடங்கும் பேர்கள் பக்கத்துக்குப் பத்து இருக்கும். தமிழில் ஒரே மாதிரி எழுதுற இசக்கியை, ஆங்கிலத்தில் ஒருத்தர் ‘இ’ எழுத்தில் தொடங்குவார், இன்னொருத்தர் ‘ஐ’ எழுத்தில். இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால, இன்னொன்றில் பின்னால. சிலருக்கு அப்பா பேர் இனிஷியல், சிலருக்கு வீட்டுப் பேரும் சேர்ந்து வரும்.

இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையதா என்று மென்பொருள் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எத்தனைக்கு மேல் போனால் ‘ஒரே ஆள்’ என்று எடுப்பது? அந்த வரம்பை ஒரு மனுஷர் வைக்கணும். குறைத்து வைத்தால் ஏழையின் கார்டு போகும். கூட்டி வைத்தால் கார்க்காரர் தப்பிப்பார். இரண்டு தப்பும் சேர்ந்து பூஜ்யமாக முடியாது. ஆக அந்த எண்ணில் ஒரு கொள்கை முடிவு ஒளிஞ்சிருக்கு. அதை யார் எடுத்தது, எந்தத் தரவில் சோதித்தது என்று நமக்குத் தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் மூல நிரலைக் கேட்டபோது, உரிமை கம்பெனியிடம் இருக்கு என்று சொல்லி மறுத்துட்டாங்க.

இப்போ உடன்படிக்கைக்கு வருவோம். அதன் 3-வது பிரிவு உலகத்தை இரண்டாகப் பிரிக்குது. அரசு அமைப்புகளும், ‘அவற்றின் சார்பில் செயல்படும்’ தனியாரும் நேரடியாக உள்ளே. மற்ற தனியாருக்கு, இதே கடமைகளை விதிக்கலாம், அல்லது ‘வேறு தகுந்த நடவடிக்கை’ எடுக்கலாம். எது என்பதை அந்தந்த நாடு அறிவிச்சா போதும். அந்த நடவடிக்கையும் ஒப்பந்தத்தின் நோக்கத்தோடு பொருந்தணும் என்கிற வரி இருக்கு. ஆனா எழுதும்போதே வாசலைத் திறந்து வச்சாச்சு.

பலரும் விமர்சிச்சது இந்த இரண்டாவது பாதியைத்தான். எனக்கு முதல் பாதிதான் உறுத்துது. கார்டை வெட்டிய மென்பொருளை விற்றவர் அரசின் ‘சார்பில் செயல்பட்டவரா’, வெறும் கருவி விற்றவரா? கம்பெனி சொல்ல வாய்ப்புள்ள வாதம்: நாங்க பொருத்தம் காட்டினோம், கார்டை ரத்து செய்தது அதிகாரி. அதிகாரி சொல்ல வாய்ப்புள்ள வாதம்: கம்ப்யூட்டர் காட்டினது, உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்குத் தெரியாது. இரண்டும் பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பத்தின் அரிசி காணாமப் போகுது. இதாக்கும் ஓட்டை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதைவிடக் கெட்டி. அரசு உதவிக்குத் தகுதி பார்க்கும் அமைப்புகளை உயர் அபாய வகையில் வைத்து, தயாரிக்கிற கம்பெனி மேலேயே நேரடிக் கடமை சுமத்துது. ஆனா மனிதர் வகுத்த விதியை மட்டும் தானாக நிறைவேற்றும் நிரல் அதன் வரையறைக்குள் வராது. அப்போ ‘இது செயற்கை நுண்ணறிவே இல்லீங்க, வெறும் பேர் ஒப்பீடு’ என்று ஒரு நல்ல வக்கீல் வாதாட இடமிருக்கு. பசிச்சவனுக்கு இந்த வித்தியாசம் எதுக்கு?

நம்ம 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கதை இன்னும் மெலிசு. அரசுக்காகத் தரவைக் கையாளும் கம்பெனி வெறும் ‘செயலாக்குநர்’. பொறுப்பு தரவைச் சேகரித்த அரசுத் துறைக்கு. மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்கு அரசு சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்தலாம்.

அப்போ கைவிரிக்க வேண்டியதுதானா? இல்லை. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் 2011-ல் ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய 31 வழிகாட்டுக் கொள்கைகளில் 5-வதையும் 6-வதையும் யாரும் பெரிசா பேசுறதில்லை. மனித உரிமையைப் பாதிக்கக்கூடிய சேவையைத் தனியாரிடம் கொடுக்கும்போது அரசு மேற்பார்வை செய்யணும் என்கிறது 5. வணிகம் செய்யும் நிறுவனங்கள் மனித உரிமையை மதிக்கும்படி அரசு ஊக்குவிக்கணும் என்கிறது 6. சட்ட பலம் இல்லை. ஆனா பிடிக்க வேண்டிய இடத்தைச் சரியாகக் காட்டுது. கம்பெனியைத் துரத்துவதைவிட, அரசு காசு கொடுக்கிற மேசையில் பிடிக்கிறது சுலபம்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் இது நடந்திருக்கு. சாஸ் என்ற கம்பெனியின் மென்பொருள் போட்ட மதிப்பெண்ணை வைத்து ஆசிரியர்களை வேலையிலிருந்து எடுத்தது பள்ளி நிர்வாகம். கணக்கு எப்படின்னு கேட்டால் வணிக ரகசியம். 2017-ல் நீதிபதி கம்பெனியின் ரகசியத்தை உடைக்கவில்லை. சரிபார்க்க முடியாத கணக்கை வைத்து ஒருவர் வேலையைப் பறிக்கலாமா என்று நிர்வாகத்தைப் பார்த்துக் கேட்டு, வழக்கை விசாரணைக்கு அனுமதிச்சார். அதே ஆண்டு நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. ரகசியம் உன்னுடையது, வச்சுக்கோ. ஆனா அதை வைத்து அரசு முடிவெடுக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சு இதைவிடத் தெளிவான நிலைப்பாடு எந்த சர்வதேச ஆவணத்திலும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் 1.63 கோடி, தேர்வானவர்கள் 1.06 கோடி. மின்சார யூனிட், நிலம், வாகனம் எல்லாம் தகுதி விதியில் இருந்தது. நிராகரிச்சவங்களுக்கு காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை வழியாக கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழியும் இருந்தது. குறை இருக்கலாம். ஆனா தெலங்கானாவில் நடந்ததோடு ஒப்பிட்டால் காரணம் சொல்வதே பெரிய பாதுகாப்பு. தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்று வெளியிட்டது; மக்களிடம் கொண்டுபோகும் முன் அமைப்பை மதிப்பிட மதிப்பெண் அட்டையும் அதில் உண்டு. அந்த அட்டை டெண்டரின் நிபந்தனை ஆகணும்.

ஒப்பந்தத்தில் நான் பார்க்க விரும்புவது நாலே வரி. வெட்டும் முன் வீட்டுக்கு ஒரு ஆள் போய்ப் பார்க்கணும். பொருத்தத்துக்கு வைத்த வரம்பும், சோதனையில் வந்த பிழை விகிதமும் பொதுவில் இருக்கணும். வெளியாள் தணிக்கைக்குக் கம்பெனி கதவைத் திறக்கணும். தப்பாக வெட்டிய கார்டுக்கு இழப்பீட்டில் கம்பெனிக்கும் பங்கு இருக்கணும்.

கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு வரும். பிழைக்குக் காசு கட்டணும்னா விலை ஏறும் என்பாங்க. ஏறட்டும். இப்பவும் அந்த விலையை ஒருத்தர் கட்டிக்கிட்டுத்தான் இருக்கார், ரேஷன் கடை வாசலில் நின்று.